முக்கால் வேகம்

மார்ச் 9, திங்கள்

காலை ஐந்தரைக்கே புழுக்கம். ஏ ஷிஃப்ட். பஸ்ஸில் ஏசி ஓடவில்லை, ஜன்னலும் திறக்க வராது. படப்பை தாண்டியதும் வழக்கம்போல் காதில் மாட்டிக்கொண்டு பாட்டு ஆப்பைத் திறந்தேன். ராத்திரியோடு ராத்திரியாக ஆளே மாறிவிட்டிருந்தது. வேறு நிறம், வேறு எழுத்து, ‘உங்கள் இசைப் பயணத்தில் புதிய தொடக்கம்’ என்று ஒரு வாழ்த்து. வாழ்த்துக்குக் கீழே விஷயம். பாட்டை மெதுவாக ஓட்டுவது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடுவது, இரண்டும் இனி சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும். ஏழு நாள் இலவசம். அப்புறம் மாதாமாதம்.

இதை நான் ஐந்து வருஷத்துக்கு முன்பே காசு கொடுத்து வாங்கியவள். வாங்கின மிக்ஸிக்கு மாச வாடகை கேட்பார்களா? பழைய வாடிக்கையாளர் என்று முதல் வருஷம் தள்ளுபடியாம். பெரிய மனசு.

ஷிஃப்ட் முழுக்கக் கோபம். இன்ஸ்பெக்ஷன் மேஜையில் இரண்டு கனெக்டர் தவறாக ஓகே போட்டு, நானே போய்த் திருப்பி எடுத்தேன். ஒரு ஆப்புக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கே தோன்றியது. அதனால் காரணத்தை எழுதி வைக்கிறேன்.

எங்கள் கோயில் பாடகர் குழுவில் நானும் என் வீட்டுக்காரரும் போகப் பதினான்கு பேர். டேவிட் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மீதி அத்தனை பேரும் கம்பெனி, அதில் பாதி ஹாஸ்டலில் தங்கும் கான்ட்ராக்ட் பிள்ளைகள். மூன்று ஷிஃப்ட், ஓ.டி., ஞாயிறு வேலை. எல்லோரும் ஒன்றாக நின்றது கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும். அதனால் எங்களுக்குப் பயிற்சி என்றால் கம்பெனி பஸ்தான். நான் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பாடி அனுப்புவேன். அவரவர் பஸ்ஸில் காதில் மாட்டி, மெதுவாக்கி, வரி வரியாகத் திரும்பப் போட்டுக் கற்றுக்கொள்வார்கள். ஊரில் எந்தக் குழுவும் இப்படிக் கற்றிருக்காது.

“பாடி அனுப்புவேன்” என்று எழுதிவிட்டேன். பாடி அனுப்பினேன். அதெல்லாம் தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னால் பாடி வைத்தவை. இரண்டு வருஷமாக என் தொண்டையில் மேல் சத்தம் கிடையாது. பேச வரும், பேசுவதே பாதி காற்று. குழுவில் இப்போதிருப்பவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள். நான் பாடி அவர்கள் நேரில் கேட்டதே இல்லை. அந்தப் பதிவுகள் இருப்பதால்தான் நான் இன்னும் இந்தக் குழுவுக்குத் தலைவி.

பெரிய வெள்ளிப் பாட்டுக்கு இன்னும் இருபத்தைந்து நாள்.

மார்ச் 10, செவ்வாய்

வேறு ஆப் தேடியதில் சாயங்காலம் போனது. கம்பெனிப் பழக்கம், ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் சீட்டு ஒட்டினேன். பச்சை தேறியது, சிவப்பு தேறாதது, மஞ்சள் நிறுத்தி வைத்தது.

முதலாவது: அழகாக இருக்கிறது. இரண்டு வரிக்கு ஒரு விளம்பரம். ‘சிலுவையிலே’ என்று அவர் இழுக்கும் இடத்தில் ஒருத்தி வந்து ஐந்தே நிமிஷத்தில் லோன் என்கிறாள். சிவப்பு.

இரண்டாவது: பாட்டுப் போட என் தொடர்பு எண்கள் எல்லாம் வேண்டுமாம். எதற்கு, மொய் எழுதவா? சிவப்பு.

மூன்றாவது: கம்ப்யூட்டரில் மட்டும். பிரமாதம், இலவசம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. மஞ்சள்.

நான்காவது: வாரச் சந்தா. மாதமாவது பரவாயில்லை. சிவப்பு.

அவர் எட்டிப் பார்த்தார். “இன்னா ரெஜி, பாட்டு கேக்கறதுக்கா இவ்ளோ டென்ஷன்?”

“கேக்கறதுக்கு இல்ல.”

“அப்போ வுடு. சந்தாவே கட்டிடு.”

“நான் கட்டிடுவேன். ஹாஸ்டல் பொண்ணுங்க கட்டுமா?”

போய்ப் பால் பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்தார். ஆண்களுக்கான மூன்றாம் குரல் பதிவு அவருடையது. நல்ல கனமான குரல். தன் குரலைப் பற்றி அவர் நினைப்பதே இல்லை.

மார்ச் 11, புதன்

ஸ்டெல்லா போன் செய்தாள். முதல் குரல். இருபத்தாறு வயசு, பெரிய கம்பெனியில் பர்மனென்ட், டிசைன் பிரிவு. குரலும் வேலையும் இரண்டும் உறுதி.

“அக்கா, குடும்பத் திட்டம்னு ஒண்ணு இருக்குக்கா. ஒருத்தர் கட்டினா ஆறு பேர் யூஸ் பண்ணலாம். நானே கட்டிடறேன். உங்களுக்கு ஒரு இடம் வச்சிருக்கேன்.”

“ஆறு பேரும் ஒரே குடும்பமா இருக்கணுமே?”

“ஒரே அட்ரஸ் கேக்குது. கோயில் அட்ரஸ் குடுத்துட்டேன்.”

சிரித்துவிட்டேன். அப்புறம் கேட்டேன், மீதிப் பேர்? “அவங்களும் ஒரு குடும்பமா சேர்ந்து கட்டலாமேக்கா.”

தப்பாகச் சொல்லவில்லை. கெட்ட மனசும் இல்லை. ஆனால் யார் அந்த ஆறு பேர் என்று நான் கேட்காமலே தெரிந்தது. அத்தனையும் பர்மனென்ட். கான்ட்ராக்ட் பிள்ளைகள் எட்டுப் பேர் (டேவிட்டையும் சேர்த்துத்தான்) வெளியே. என் இடத்தை வேறு யாருக்காவது கொடு என்று சொல்லிவிட்டேன். மனசு எரிந்தது. ஒரு கோயில், ஒரு பாட்டு, அதில் சந்தா கட்டியவர் கட்டாதவர் என்று கோடு.

மார்ச் 13, வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் போகும் முன் கிடைத்தது! எவரோ ஒற்றை ஆளாகச் செய்த ஆப். விளம்பரம் இல்லை, சந்தா இல்லை, ஒன்றும் கேட்கவில்லை. அவலட்சணமாக இருக்கிறது, அது போகட்டும். வரியைத் திரும்பப் போடுகிறது. வேகத்துக்கு நான்கே பொத்தான்: கால், அரை, முக்கால், முழு.

சோதித்துப் பார்த்தேன். என் பதிவுகளைப் போடவில்லை. இரண்டு வருஷமாக நான் அவற்றைக் கேட்பதில்லை. மற்றவர்களுக்கு அனுப்புவேன், திறக்க மாட்டேன். அவர் பாடிய மூன்றாம் குரலை எடுத்து முக்கால் வேகத்தில் போட்டேன். மெதுவாக, கனமாக வந்தது. அவர் குரல் எப்போதும் கிணற்றுக்குள் இருந்து வருவதுதான். திரும்பப் போடுவது சரி. நின்று போகவில்லை. சூடாகவில்லை.

பச்சைச் சீட்டு. குழுவில் போட்டுவிட்டேன்: “எல்லாரும் இதையே இறக்கிக்கொள்ளவும். முக்காலில் வைத்துப் படிக்கவும். காசு இல்லை.”

டேவிட்: “சூப்பர்க்கா. நான் போட்ட ஆப்ல வர்ற லோன் பொம்பளயால சவாரி எல்லாம் என்னாண்ட லோன் கேக்குது.”

ஸ்டெல்லா ஒரு கட்டைவிரல் மட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கெபியருகே ஃபாதர் பிடித்துக்கொண்டார். வெயில் மண்டையைப் பிளந்தது.

“பெரிய வெள்ளி மூணு குரல் பாட்டு உண்டா ரெஜினா?”

“உண்டு ஃபாதர்.”

“சந்தோஷம். யார் எடுத்துக் கொடுக்கப் போறது?”

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன். பெரிய வெள்ளிக்கு மட்டும் இது பெரிய விஷயம். வியாழக்கிழமை பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் மணி நின்றுவிடும், கீபோர்டை மூடிவிடுவார்கள். மறுநாள் எந்த வாத்தியமும் கிடையாது. போனும் கூடாது, அது ஃபாதர் கட்டளை. முதல் வரியை ஒருவர் தனியாகப் பாடி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் பிடிக்கும் சுருதியில்தான் மற்றவர்கள் நுழைவார்கள். பதினொரு வருஷம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். போன இரண்டு வருஷமும் மூன்று குரல் பாட்டே கிடையாது. ஃபாதர் ஏதோ தொடங்க, ஜனங்கள் கூடவே இழுத்தார்கள்.

“ஸ்டெல்லா எடுக்கட்டும் ஃபாதர்,” என்றேன்.

“அதுவும் சரிதான். சின்னவங்க வரணும்ல?” என்றார் ஆறுதலாக. எனக்கு நாற்பத்தொன்று.

ஜெசிந்தாவின் போனில் நானே ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டாம் குரல் அவள். தூத்துக்குடிப் பக்கம், ஹாஸ்டல், வல்லம் வடகாலில் செல்போன் பாகம் செய்யும் இடத்தில் கான்ட்ராக்ட். குழுவில் சேர்ந்து எட்டு மாதம். “எக்கா, இது மெதுவா ஓடுத பொத்தானா? இத வச்சா நான் எப்பிடியும் படிச்சிருவேன், பாருங்க.”

மார்ச் 19, வியாழன்

பி ஷிஃப்ட். மார்ச் மாசக் கடைசி டெஸ்பாட்ச், எல்லாக் கம்பெனியிலும் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறார்கள். எங்கள் லைனில் இரண்டு பேர் மயக்கம். ஓ.ஆர்.எஸ். கொடுத்தார்கள்.

வாங்க வேண்டியது: உளுந்து, பேனா, தொண்டைக்கு அதிமதுரம்.

அதிமதுரம் எதற்கு? பாடப் போவதில்லையே. ஆனாலும் வாங்கினேன்.

காலையில் யாரும் இல்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு முதல் வரியைப் பாடிப் பார்த்தேன். பழைய சுருதி. இரண்டாவது சொல்லில் குரல் உடைந்தது. மூன்றாவதில் வெறும் காற்று. குழாயை மூடினேன். வாளி நிரம்பி வழிந்திருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

பயிற்சிக்கு ஸ்டெல்லாவின் ஆறு பேர் மட்டும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஓ.டி., டேவிட்டுக்குக் கல்யாணச் சவாரி. ஆறு பேரும் நன்றாகவே பாடினார்கள். ஸ்டெல்லா எடுத்துக் கொடுத்தது சுத்தம், என் பழைய சுருதியே. பொறாமை இல்லை என்று எழுதினால் அது பொய். இருந்தது. கைதட்டினேன்.

எட்டுப் பேருக்கும் தனித்தனியாகக் கேட்டு அனுப்பினேன், பாட்டு எப்படி? எட்டுப் பேரும் முடிந்தது, மனப்பாடம், ரொம்ப ஈஸி என்றார்கள். இரண்டாம் குரல் ரொம்ப ஈஸி என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. நல்ல ஆப்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

ஸ்டெல்லா செய்தி: “அக்கா அந்த ஃப்ரீ ஆப் என் தங்கச்சி போன்ல கேட்டேன். சவுண்டு ஒரு மாதிரி இருக்குக்கா. செக் பண்ணிக்கோங்க.”

என் பதில்: “காசு கட்டாதது எல்லாம் ஒரு மாதிரிதான்மா இருக்கும்.”

அனுப்பிய பிறகு கஷ்டமாக இருந்தது. அழிக்கலாம் என்று பார்த்தால் இரண்டு நீல டிக். சரிபார்க்கவும் இல்லை நான். சரிபார்க்க வேண்டும் என்றால் என் குரலைப் போட்டுக் கேட்க வேண்டும்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பவனி. குருத்தோலை கீறி விரலில் ரத்தம். இன்றைக்காவது பதினான்கு பேரும் நிற்பார்கள் என்று இருந்தேன். பூசை முடிவதற்குள் கம்பெனி வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. ஹாஸ்டல் பிள்ளைகள் குருத்தோலையோடு ஏறிப் போனார்கள். ஜெசிந்தா ஜன்னல் வழியாகக் கத்தினாள், “எக்கா, கவலப்படாதிய! நமக்குப் பாட்டுத் தெரியும்!”

வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனிக்கு லீவு கிடையாது. சூப்பர்வைசரிடம் ஒன்றரை மணிக்கு கேட் பாஸ் கேட்டேன். “பாக்கலாம் மேடம்.”

ஏப்ரல் 1, புதன்

ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன்.

ஏ ஷிஃப்ட் முடிந்து வந்தால் கம்பெனி பஸ் பிரேக்டவுன். ஒரகடம் கூட்டுரோட்டில் டேவிட் ஆட்டோ நின்றது. பின்னால் ஜெசிந்தா, இரண்டு வடநாட்டுப் பையன்கள், ஒரு மூட்டை. நான் முன்னால் ஓரமாக உட்கார்ந்தேன். ஜெசிந்தா படிப்பதற்காக டேவிட் ஸ்பீக்கரில் இரண்டாம் குரலைப் போட்டுவைத்திருந்தான்.

ஒரு பெண் பாடுகிறாள். கீழே, ரொம்பக் கீழே. கரகரப்பு. மூச்சு தெரிகிறது. ஒவ்வொரு சொல்லும் தரையில் கால் வைத்து நடக்கிற மாதிரி.

அது நான். இப்போதைய நான்.

“யார்ரா என்ன ரெக்கார்ட் பண்ணது?” என்று கத்திவிட்டேன். தொண்டை வலித்தது. குளியலறை, குழாய், எல்லாம் ஒரு கணத்தில் ஓடியது. யாரோ ஒளிந்திருந்து கேட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

டேவிட் பிரேக் போட்டான். “இன்னாக்கா? நீதானே அனுப்ச்ச.”

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். என் பழைய பதிவுதான். அந்த அவலட்சண ஆப். வேகம், முக்கால். முழு வேகத்தில் வைத்தேன், பழைய குரல் மேலே எகிறியது. முக்காலில் வைத்தேன், கீழே விழுந்தது. சந்தா ஆப் வேகத்தைக் குறைத்தாலும் சுருதியை அப்படியே பிடித்து வைக்கும். இது வேகத்தோடு சுருதியையும் சேர்த்து இறக்குகிறது. பேட்டரி தீர்ந்த டேப்ரெக்கார்டர் மாதிரி.

“முழுசுல வச்சுப் படிச்சீங்களா?” என்றேன்.

“இல்லக்கா. நீங்க முக்கால்னுதான சொன்னிய,” என்றாள் ஜெசிந்தா. “அதுதான் எங்களுக்கு நல்லாருக்கு.”

எட்டுப் பேர். மூன்று வாரம். தப்பான சுருதியில் மனப்பாடம். பச்சைச் சீட்டு ஒட்டியது நான். பதினாறு வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூன்று பெட்டிக்கும் கையெழுத்துப் போட்டால் வேலையைவிட்டுத் தூக்குவார்கள். அதையே செய்திருக்கிறேன். அதுவும் எந்தப் பெட்டியைத் திறக்கப் பயந்தேனோ அதில்தான் கோளாறு.

டேவிட் படப்பையில் என்னிடம் காசு வாங்கவில்லை. “வுடுக்கா, நாளைக்குப் பாத்துக்கலாம்.”

நாளைக்கு ஒரே நாள்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

அவரிடம்கூட இன்று காலைதான் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னார், “என் பாட்டப் போட்டுப் பாத்தியே, உன்னோடத ஏன் போடல?” டிபன் பாக்ஸை மூடினேன். பதில் அவருக்குத் தெரியும்.

சாயங்காலப் பூசை. வானவர் கீதத்துக்கு எல்லா மணியும் ஒன்றாக அடித்தது. பிறகு நிசப்தம். பூசை முடிந்து கீபோர்டுக்குத் துணி போர்த்தினார்கள். கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே கூடினோம். பதினான்கு பேர். கிறிஸ்துமஸுக்குப் பிறகு முதல் முறை. அதற்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

ஸ்டெல்லா எடுத்தாள். ஆறு பேர் மேலே நுழைந்தார்கள். எட்டுப் பேர் அவள் சுருதியில்தான் தொடங்கினார்கள், இரண்டாவது வரிக்குள் சறுக்கிச் சறுக்கிக் கீழே போய்விட்டார்கள். மூன்று வாரம் தொண்டை பழகின இடம் அது. மேலே இழுத்தால் கத்தல். ஜெசிந்தாவுக்கு உச்சி வரியில் குரல் கீறி இருமல் வந்துவிட்டது. நான்கு தடவை. நான்கும் அப்படியே. சந்தையிரைச்சல்.

ஸ்டெல்லாவின் ஆட்களில் ஒருத்தி சொன்னாள், “மாசம் ஒரு பிரியாணி காசு. அதக் கட்டியிருந்தா இந்தத் தொல்ல இல்ல.”

“பிரியாணிய நாங்க மெஸ்ஸு ஜன்னல்லதான் பாக்கோம்,” என்றாள் ஜெசிந்தா. முகம் சிவந்திருந்தது.

“அவங்களத் திட்டாதீங்க. தப்பு என்னுது,” என்றேன். சத்தமாகச் சொல்ல நினைத்தது, பாதி காற்றாகத்தான் வந்தது.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். “நான் அப்பவே சொன்னேனேக்கா.”

“சொன்ன.”

அதற்குமேல் அவள் குத்தவில்லை. குத்தியிருந்தால் தேவலை.

ஃபாதர் வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். “மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க. நாளைக்கு இந்த ஆறு பேர் பாடட்டும். மத்தவங்க ஜனங்களோட உக்காந்துக்கட்டும். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க ரெஜினா.”

நான் சொல்ல வேண்டும். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் பிள்ளைகளிடம், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம் என்று. அதுவும் சந்தா கட்டாத எட்டுப் பேரிடம் மட்டும். அவர்கள் நான் சொன்னதைச் சொன்னபடி செய்தவர்கள்.

சொல்லவில்லை. “நாளைக்கு ரெண்டரைக்கு வந்துடுங்க” என்று மட்டும் சொல்லி எல்லோரையும் அனுப்பினேன்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

வெயில். கேட் பாஸ் ஒன்று நாற்பதுக்குக் கிடைத்தது.

காலையில் லைனில் நிற்கும்போது ஒரு யோசனை. மேலே ஏறத் தெரியாதவரை ஏற்ற ஒரு நாள் போதாது. இறங்குவதற்கு அவ்வளவு நேரம் வேண்டாம். அப்படியானால் இறங்க வேண்டியது ஆறு பேர். ஆனால் பழகாத சுருதியை, வாத்தியம் இல்லாமல், போன் இல்லாமல், வெறும் வாயால் யார் பிடிப்பது?

தெரியாமல் இல்லை. அந்த இடம் எது என்று எனக்குத்தான் தெரியும். இரண்டு வருஷமாக நான் மூச்சு விடும் இடம் அது.

கோயிலுக்குள் போகும் முன் ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டேன். முதலில் மன்னிப்பு, அந்தச் செய்திக்கு. அப்புறம் கேட்டேன், இறங்கிப் பாடுவீர்களா?

யோசித்தாள். “எறங்கிடலாம்க்கா. அடி வரி சரியாக் கேக்காது, அவ்ளோதான். ஆனா எனக்கு அங்க எடுத்துக் குடுக்க வராது. நடுங்கும்.”

“நீ எடுக்க வேணாம்.”

ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கை சில்லென்று இருந்தது. பயம் அவளுக்கும்தான்.

ஃபாதரிடம்: “பதினாலு பேரும் பாடறோம் ஃபாதர்.”

“யார் எடுத்துக் கொடுக்கறது?”

“நான்.”

அவர் கண் என் கழுத்துத் தழும்புக்குப் போய்த் திரும்பியது. “சரி” என்றார். வேறு ஒன்றும் கேட்காததற்கு அவருக்கு நன்றி.

மூன்று மணி. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டினார்கள். வாசகங்கள், மன்றாட்டுகள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. சிலுவையை முத்தமிட ஜனங்கள் எழுந்து வரிசையில் நின்றார்கள். எங்கள் பாட்டு அப்போதுதான். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். அவர் பின்வரிசையில், தரையைப் பார்த்தபடி.

எடுத்தேன்.

முதல் சொல் காற்று. முன் வரிசையில் ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது சொல் நின்றது. அழகு இல்லை. ஆனால் நின்றது, உடையவில்லை. வரி முடியும் வரை நின்றது. வாயை மூடுவதற்குள் எட்டுப் பேர் நுழைந்துவிட்டார்கள், சொந்த வீட்டுக்குள் வருகிற மாதிரி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல். இரண்டு நொடி கழித்து ஸ்டெல்லாவும் மற்றவர்களும் வந்து மேலே உட்கார்ந்தார்கள். மூன்றாம் குரலால் அவ்வளவு கீழே போக முடியாது. அவர் மட்டும் எப்படியோ போனார். டேவிட் கடைசி வரியில் வாயை மட்டும் அசைத்தான், பார்த்தேன்.

மெதுவாகவே போனது. முக்கால் வேகம், படித்தது அப்படித்தானே. வரிசை நீளம். பாட்டும் வரிசையும் ஏறக்குறைய ஒன்றாக முடிந்தன.

முடிந்து வெளியே செருப்பு தேடிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா ஓடி வந்தாள். நான் முதலில் பேசினேன். “மன்னிச்சுக்கோம்மா, தப்பான குரல்ல உங்களப் படிக்க வச்சிட்டேன்.”

“தப்பா?” என்றாள். “எக்கா, டெய்லி பஸ்ல கேட்ட குரல்தான இன்னைக்கும் பாடுனிய. நீங்க எடுத்ததும் எனக்குப் பயமே போயிட்டு.”

அவள் என்னுடைய பழைய குரலை நேரில் கேட்டதே இல்லை. எட்டுப் பேரும் கேட்டதில்லை. அவர்களுக்கு நான் என்றால் இதுதான்.

அழுதேன், கோயில் வாசலில், ஒரு கால் செருப்போடு. எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இப்போது வீடு. அவர் கஞ்சி வைக்கிறார். போனில் பழைய ஆப்பிலிருந்து அறிவிப்பு: உங்கள் தள்ளுபடி இன்று முடிகிறது. அழித்துவிட்டேன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு புதுப் பாட்டு, மூன்று குரலும் பதிவு செய்ய வேண்டும். ஸ்டெல்லாவைப் பாடச் சொல்லலாமா என்று அவர் அடுப்படியிலிருந்து கேட்கிறார்.

முதல் குரல் அவள். இரண்டாம் குரல் நான்.